பெரிய பானை வனையும்போது நடக்கும் தவறுகள்

1 கிலோ மண்ணில் கிண்ணமும் குவளையும் சரளமாக வனைகிறவர்கூட 10 கிலோவைச் சக்கரத்தில் ஏற்றியதும் தடுமாறுவார். கையில் பலம் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பலத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சிறு பங்குதான். சரிந்துபோன பெரிய பானைகளைத் துருவிப் பார்த்தால், தண்ணீர் இருக்கக்கூடாத இடத்தில் இருந்திருக்கும், அல்லது மண் காயும்வரை பொறுக்காமல் யாரோ கை வைத்திருப்பார்கள்.

தவறு மண் பிசையும்போதே தொடங்குகிறது. பெரிய உருண்டையைச் சுற்றும் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிற்கவைப்பது, அதாவது மையத்துக்குக் கொண்டுவருவது, கடினம் என்று மண்ணைத் தளர்வாகப் பிசைந்துவிடுகிறார்கள். அப்போது மையம் சுலபமாக அமையும். சுவர் ஒரு முழம் எழுந்ததும் தன் பாரத்தாலேயே உட்கார்ந்துவிடும். வழவழப்பான, சலித்த மண்ணும் உயரத்துக்கு ஆகாது. சுட்ட மண் தூளையோ மணலையோ 10 முதல் 15 சதவீதம் கலந்தால் சுவருக்கு நிற்கும் திராணி வரும், காயும்போது வெடிப்பதும் குறையும்.

மையப்படுத்த மண்ணைத் தளர்த்தத் தேவையில்லை. பாதியாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதலில் 5 கிலோவை மையப்படுத்தி மேற்பரப்பைத் தட்டையாக்குங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த 5 கிலோவை அதன்மேல் அறைந்து வைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி இழுத்து ஒட்டுங்கள். ஒட்டிக்கொள்ளட்டும் என்று இடையில் தண்ணீர் தடவுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. ஈரம் பட்ட இடம் வழுக்கும், மேல்கட்டி தனியாகச் சுற்றும்.

அடிப்பகுதிக்கு 1.2 முதல் 1.5 செ.மீ. கனம் விடுங்கள். ஊசியால் குத்தி அளந்துவிடுவது நல்லது, கண் மதிப்பை நம்ப வேண்டாம். பிறகு மரத்தகட்டால் ஓரத்திலிருந்து நடுவுக்கு நாலைந்து முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால், காயும்போது அடியின் நடுவில் பாம்பு நெளிந்ததுபோல் ஒரு வெடிப்பு தோன்றும். அழுத்தம் படாத, தேங்கிய நீரை உறிஞ்சிய நடுப்பகுதி, சுவர் சுருங்கி முடிந்த பிறகு தான் மட்டும் சுருங்குவதால் வரும் வினை இது. சுவரை ஒவ்வொரு முறை விரல்களால் மேல்நோக்கி இழுத்த பிறகும் உள்ளே தேங்கும் நீரை, குச்சியில் கட்டிய பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சக்கரம் நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றினால், 10 செ.மீ. விட்டமுள்ள குவளையின் விளிம்பு நொடிக்குச் சுமார் 63 செ.மீ. ஓடும். 40 செ.மீ. பானையின் விளிம்பு அதே வேகத்தில் இரண்டரை மீட்டர் ஓடும். வெளியே வீசும் விசையும் நாலு மடங்கு. ஆகவே மையப்படுத்தும்போது வேகமாக விடலாம். வாய் அகல அகல வேகத்தைக் குறைத்து, கடைசியில் 60 சுற்றுக்குக் கீழே வந்துவிடலாம். ஆனால் சக்கரம் மெதுவாகும்போது கையும் மெதுவாக ஏற வேண்டும். ஒரு சுற்றுக்கு விரல் அகலத்துக்கு மேல் ஏறினால் சுவர் திருகு போல முறுக்கிக்கொள்ளும்.

முதல் இழுப்பிலேயே மண்ணின் பெரும்பகுதி மேலே வந்துவிட வேண்டும். சுவரும் அடியும் சேரும் மூலையில் வளையமாகத் தங்கும் மண்ணை விட்டுவிட்டு எல்லோரும் மேலே போய்விடுகிறார்கள். அடி கனத்து, மேலே மெலிந்து, பானை தூக்க முடியாத பாரமாவது அதனால்தான். நாலு இழுப்புக்கு மேல் போனால் மண் ஊறித் தளர்ந்துவிடும். வழுக்கலுக்குத் தண்ணீருக்குப் பதில் கையில் சேரும் மண்குழம்பையே தடவுங்கள்.

வயிற்றை முன்கூட்டியே தள்ளாதீர்கள். நேரான குழாயாக, வாய்ப்பக்கம் சற்று ஒடுங்கலாக முழு உயரமும் எழுந்த பிறகே அகட்ட வேண்டும். 24 செ.மீ. விட்டத்தை 36 ஆக்கினால், உயரம் மாறாதவரை 1.2 செ.மீ. சுவர் 0.8 ஆகிவிடும். அந்தக் கனம் முதலிலேயே கையிருப்பில் இருக்க வேண்டும்.

45 செ.மீ. உயரப் பானையை ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பது வீண் வீம்பு. அடிப்பாகத்துக்கு 8 கிலோ, மேல்பாகத்துக்கு 5 கிலோ என்று பிரித்து வனையலாம். மேல்பாகம் அடியில்லாத வளையம், தலைகீழாக வனையப்படுவது. இரண்டு விளிம்புகளையும் காலிப்பரால் அளந்து ஒரே விட்டத்தில், 1.5 செ.மீ. கனத்தில் வைக்க வேண்டும். அடிப்பாகம் அரைக்காய்ச்சலாக, விரல் அழுத்தினால் குழியாமல் நகம் பதியும் பதத்தில் இருக்கட்டும். அதன் விளிம்பை மட்டும் பாலிதீன் சுற்றி ஈரமாக வைத்திருங்கள். காய்ந்த விளிம்பில் புது மண்ணை ஒட்டினால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, மறுநாளோ சூளையிலோ ஒட்டுவாய் பிளக்கும். கீறி, குழம்பு தடவி, வளையத்தைக் கவிழ்த்து வைத்து, ஒட்டை உள்ளும் வெளியும் தேய்த்து மறைத்த பிறகே மீதியை மேலே இழுக்க வேண்டும்.

உருண்ட அடியுள்ள பானையென்றால் நம் ஊர்க் குயவர்களின் வழி வேறு. சக்கரத்தில் கனமாக வனைந்து அறுத்தெடுத்து, சற்றுக் காய்ந்ததும் உள்ளே கல்லை அண்டக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடிப் பெருக்குவார்கள். மானாமதுரைக் கடமும் தட்டித்தான் உருவாகிறது. ஈரம் வற்றுமுன் தட்டத் தொடங்கினால் பலகையோடு மண் பெயர்ந்து வரும். சாம்பல் தொட்டுக்கொள்வது அதைத் தடுக்கத்தான்.

காயவைப்பதில் வாய் முந்திக்கொள்ளும், அடி பின்தங்கும். வாயை மூடி, அடிக்குக் கீழே செய்தித்தாள் விரித்து, காற்றோட்டம் நேரே அடிக்காத இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். தாள் இருந்தால் சுருங்கும் அடி பலகையைப் பற்றாமல் நகரும்.

சூளையில் பானை வெடித்தால் மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தது என்று பழிபோடுவது வழக்கம். வெடிக்க வைப்பது காற்றல்ல, கனத்த அடியில் மிஞ்சிய ஈரம் நீராவியாவதுதான். வெப்பத்தைப் பல மணி நேரம் 100 டிகிரிக்குக் கீழே நிறுத்தி, மின்சூளையின் மேல்துளைக்கு எதிரே ஒரு கண்ணாடியைக் காட்டுங்கள். ஆவி படிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி காட்டிப் பாருங்கள்.