மனையை மேடாக்க ஸ்லாக் அடிக்கலாமா?

டெல்டாவில் மனை வாங்கினால் பெரும்பாலும் அது பழைய வயல்தான், மேடாக்காமல் வீடு கட்ட முடியாது, அடிக்க மண்ணும் எளிதில் கிடைப்பதில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து "ஸ்லாக் இருக்குண்ணே, மண்ணைவிட மலிவு" என்பார். ஸ்லாக் என்றால் உலோகம் உருக்கும் உலையில் மிஞ்சும் கசடு. சரி என்று சொல்வதற்கு முன்னால் எந்த ஸ்லாக் என்று கேளுங்கள்.

இரும்பு உருக்கும் ஊதுலையின் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து அரைத்த தூள்தான் ஸ்லாக் சிமெண்டில் 25 முதல் 70 சதவீதம் வரை சேர்கிறது. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், இறுகிய கான்கிரீட்டுக்குள் கசடில் உள்ள உலோகங்கள் பூட்டிக்கிடக்கும். தாமிரக் கசடையும் கம்பி கட்டிய கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாக 35 சதவீதம் வரை போட இந்தியத் தரநிலையான ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. எஃகுக் கசடு அப்படியில்லை. அதில் நீறாத சுண்ணாம்பு மிச்சம் இருக்கும், ஈரம் பட்டால் உப்பி, மேலே போட்ட தரையைத் தூக்கிவிடும், அதில் ஊறிய தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 12 வரைகூடப் போகும். அவ்வளவு காரத்தில் ஈயம்கூடக் கரையத் தொடங்கும்.

மன்னார்குடி பக்கம் ஒரு மனையில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள், ஓரத்தில் தேங்கிய தண்ணீரின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல வெள்ளை ஏடு, பிஹெச் தாளை நனைத்ததும் கருநீலம். பத்தடி தள்ளி அடிபம்பு. அதில்தான் அந்த வீட்டுக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. லோடின் நாலைந்து இடங்களிலிருந்து அள்ளிக் கலந்து, அதில் 100 கிராமை ஒரு லிட்டர் மழைநீரில் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்க அவ்வப்போது குலுக்குங்கள், வெறும் கையால் தொடாதீர்கள். தெளிந்த நீரில் பிஹெச் 11-ஐத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். மஞ்சள் பச்சையாக மாறி அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கந்தகம், அதுவும் வேண்டாம்.

பிஹெச் சரியாக இருந்தாலும் உலோகம் இல்லை என்று ஆகாது, அதற்கு லேப்தான். இங்கே கவனம்: விற்பவர் காட்டும் 'பாஸ்' ரிப்போர்ட் பெரும்பாலும் டிசிஎல்பி சோதனையாக (கழிவை அசிட்டிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, கரையும் உலோகத்தை அளப்பது) இருக்கும். அபாயகரக் கழிவா இல்லையா என்று பிரிக்கத்தான் அந்தச் சோதனை, அதில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிநீருக்கான வரம்போ 0.01, அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு! அதனால் வெறும் தண்ணீரில் ஊறவைத்துச் சோதிக்கச் சொல்லி, ஈயம், ஆர்சனிக், குரோமியம் மூன்றுக்கும் அளவு எழுதி வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு உலையிலிருந்து வந்த கசடு என்றால் குரோமியத்தை விடவே விடாதீர்கள்.

எல்லாம் தேறினாலும் எஃகுக் கசடைப் புதிதாக அடிக்கக்கூடாது, வெட்டவெளியில் நனைத்துப் புரட்டிப் பல மாதம் ஆறவிட்டதாக இருக்க வேண்டும். அப்புறம், கார்த்திகையில் உங்கள் மனையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள், அந்த மட்டத்துக்கு மேலேதான் கசடு, அதுவரை மண். மேலே களிமண்ணைத் திமிசு போட்டு மூடி, மழைநீர் வெளியே ஓடச் சரிவு கொடுங்கள். அடிபம்பும் வாய்க்காலும் ஒட்டியிருக்கும் மனை என்றால் எந்த ரிப்போர்ட் வந்தாலும் கசடு வேண்டாம், செலவு ஆனாலும் மண்ணே அடியுங்கள்.