பலகாரக் கடையில் சட்டக் கடமைகளை அன்றாட வேலையோடு இணைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து பேரை வைத்துப் பலகாரம் தயாரித்து விற்பவர் உணவுப் பாதுகாப்பு, ஜி.எஸ்.டி., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), எடையளவு எனப் பல சட்டங்களுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்பட்டவர். ஆடிட்டர் இருக்கிறார் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கடமைகளில் பெரும்பகுதி அடுப்படியிலும் கல்லாவிலும் எழுபவை, ஆடிட்டர் கண்ணில் அவை படுவது மாதம் முடிந்த பிறகே. ஆகவே ஒவ்வொன்றையும் அந்த வேலையைச் செய்பவரிடமே பெயர் குறித்து ஒப்படையுங்கள்.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகும்போது சிதைந்து உருவாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிப்பவர்கள் அதற்குப் பதிவேடும் வைக்க வேண்டும். எண்ணெய் மாற்றும் மாஸ்டரே புதிதாக ஊற்றிய அளவையும் கழித்த அளவையும் அன்றன்றே எழுதட்டும். மாதக் கடைசியில் கல்லாவில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய பதிவேட்டால் சாப்பிடுபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

சரக்கு இறங்கும்போதே, விற்றவருக்கு உணவு உரிமமோ பதிவோ இருக்கிறதா, பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் பிழையின்றி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மாதந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்கள், விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளத்தில் 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலோடு உங்கள் கொள்முதல் பில்களை ஒப்பிட்டு, விடுபட்ட வியாபாரியை அன்றே அழைத்துப் பேசினால், அடுத்த மாதமாவது அந்த உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவு) கைக்கு வரும். உங்கள் பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் அச்சாக வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம்.

இ.எஸ்.ஐ.யில் மட்டும் தயவுசெய்து தாமதம் வேண்டாம். ஊழியரின் ஊதியத்தில் பிடித்த 0.75 சதவீதம் அவருடைய பணம். உங்கள் பங்கான 3.25 சதவீதத்தோடு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அதைக் கட்ட வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியருகே விபத்து முதல் நாளே நேரலாம் என்பதால், புதியவரைச் சேர்ந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

மின்னணுத் தராசை ஆண்டுதோறும் எடையளவு அதிகாரிகளிடம் சரிபார்த்து மறுமுத்திரை பெற வேண்டும். பழுது பார்த்த பிறகும் முத்திரையிடாமல் அதில் எடை போடக் கூடாது. அடுத்த முத்திரைத் தேதியைத் தராசின் பக்கவாட்டிலேயே ஒட்டிவைப்பது நல்லது.