படித்த துறையில் வேலை இல்லையா? திருப்பூர் பக்கம் ஒரு வழி

இயற்பியலோ வரலாறோ முடித்துவிட்டு, "நம்ம படிப்புக்கு வேலையே இல்லீங்க" என்று சோர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலையைப் பாருங்கள். ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கப்பல் ஏறும்வரை அதைப் பின்தொடரும் வேலை. ஜவுளி படிக்காதவர்களும் இதில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் அந்தப் பதவியைக் கேட்காமல், மாதிரி உடுப்பு தைக்கும் சாம்பிள் பிரிவில் உதவியாளராகச் சேர்வதுதான் நல்லது என்பேன். நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி எடுப்பது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒரு பனியன் போகும் பாதை முழுக்க அங்கே பிடிபட்டுவிடும். சம்பளம் முதலில் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்டர்வியூவுக்கு முன் உங்கள் டி-ஷர்ட் ஒன்றை எடைபோடுங்கள். 180 ஜிஎஸ்எம் துணி என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம். கட்டிங்கில் போகும் வேஸ்ட்டையும் சேர்த்து எவ்வளவு துணி ஆகும், சாயக்கூலி, தையல்கூலி, லேபிள், பாலிபேக் எவ்வளவு என விசாரித்து ஒரு தாளில் விலை போட்டுக் கொண்டுபோங்கள். வேதியியல் படித்தவர்கள் சாயப்பட்டறை லேபிலும் வேலை கேட்டுப் பார்க்கலாம்.