நிலவியல் காலத்தைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் தேர்வில் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் பூமி தோன்றியது, டைனோசர்கள் அழிந்தது, மனிதர் வந்தது ஆகிய மூன்றையும் ஒரு கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பலரும் சம இடைவெளியில் குறிப்பார்கள். எண் மனப்பாடமாகியிருக்கும், அளவு பிடிபட்டிருக்காது.

பாடநூல் அட்டவணையை அப்படியே காட்டுவதுதான் இதற்குப் பெரிய காரணம் என்பேன். அதில் சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலம் முதல் இன்றுவரை 12 கட்டங்கள். அதற்கு முந்தைய காலம் முழுவதையும் குறிக்கும் பிரீகேம்பிரியனுக்கோ, அட்டவணையின் அடியில் ஒரே ஒரு வரி. பூமி வரலாற்றில் சுமார் 88 சதவீதம் அந்த ஒரு வரிக்குள் அடைந்து கிடக்கிறது!

அட்டவணைக்கு முன் ஒரு நூலை எடுங்கள். 10 லட்சம் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்தால் 4.54 மீட்டர் நூல் போதும், வகுப்பறைக்குள் அடங்கிவிடும். இன்றைய முனையிலிருந்து அளந்தால் டைனோசர்களின் அழிவு 6.6 சென்டிமீட்டரில் வரும். கேம்பிரியன் தொடக்கம் சுமார் 54 சென்டிமீட்டர். காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது ஏறக்குறைய 2.4 மீட்டர் தள்ளி. நம் மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டுகளுக்குக் கிடைப்பது 0.3 மில்லிமீட்டர், பேனாவால் வைக்கும் புள்ளியே அதைவிடப் பெரிது.

இந்த இடங்களை நீங்களே முன்கூட்டிக் குறித்து எடுத்துப்போகாதீர்கள். மாணவர்கள் முதலில் ஊகித்துக் குறிக்கட்டும், பிறகு கணக்குப் போட்டுத் திருத்தட்டும். தங்கள் ஊகம் எவ்வளவு தூரம் தவறியது என்று கண்ணால் பார்க்கும்போதுதான் காலத்தின் நீளம் உறைக்கிறது. யுகங்களின் பெயர்களை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மில்லியனையும் கோடியையும் ஒரே பாடத்தில் கலக்க வேண்டாம். 66 மில்லியன் என்பது 6.6 கோடி, ஏதாவது ஓர் அலகில் நில்லுங்கள்.

டைனோசர்களை ஒரே கூட்டமாகக் காட்டுவதும் தவறு. ஸ்டெகோசாரஸ் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. டைரனோசாரஸ் ரெக்ஸ் அதற்கு 8 கோடி ஆண்டுகள் பிந்தியது; காலத்தில் அது நமக்குத்தான் அதிக நெருக்கம்.

மெதுவான மாற்றங்களைச் சொல்லும்போது வேகத்தோடு நிறுத்திவிடுகிறோம். அட்லாண்டிக் பெருங்கடல் ஆண்டுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் அகலமாகிறது. நகம் வளரும் வேகத்தை ஒட்டியதுதான். அதே வேகத்தில் 10 கோடி ஆண்டுகளில் எவ்வளவு என்று மாணவர்களையே பெருக்கச் சொல்லுங்கள்: 2,500 கிலோமீட்டர்.