நுரையீரல் புற்றுநோய்: முதல் கீமோவுக்கு முன் கேட்டுப் பெற வேண்டிய மூன்று விடைகள்

என் பெரியப்பாவுக்கு இருமல் நிற்காமல் தொடர்ந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. ஆயினும் காசநோயாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில் மாத்திரைகள் தொடங்கப்பட்டன. இரண்டரை மாதம் கழிந்து, எடை ஒன்பது கிலோ குறைந்த பிறகே சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அவர் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை என்பதால், புற்றுநோயாக இருக்கலாம் என்ற எண்ணமே எங்கள் வீட்டில் எவருக்கும் எழவில்லை.

காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இந்தத் தாமதம் பல குடும்பங்களுக்கு நேர்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையிலைதான் முதன்மைக் காரணம். ஆனால் பிறர் விடும் புகை, விறகடுப்புப் புகை, காற்று மாசு, கல்நார்த் தூசி ஆகியவையும் காரணமாகலாம், எந்தக் காரணமும் புலப்படாமலும் வரலாம். ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, குரல் கம்மல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். சளியில் கிருமி உறுதிப்படாமலே காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, சில வாரங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால், சி.டி. ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

ஸ்கேன் சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதி செய்வது பயாப்சி. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து, மார்பின் வழியாக ஊசி செலுத்தியோ, பிராங்கோஸ்கோப் குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கியோ சதை எடுப்பார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கியிருந்தால் அதையும் எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று உறவினர்கள் தடுப்பதுண்டு. அவ்வாறு நேர்வது மிக மிக அரிது. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்தைத் தொடங்குவதே பெரிய ஆபத்து.

எடுக்கப்படும் சதை, தையல் நூலை நறுக்கிப் போட்டது போன்ற சில துணுக்குகள்தான். அவற்றை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். ஆய்வகத்தில் அதை 'பிளாக்' என்பார்கள். மரபணுப் பரிசோதனைக்கும், வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்பதற்கும் இதுவே ஆதாரம் என்பதால், அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் பிளாக் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். எடுத்துச் செல்ல நேர்ந்தால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

முதலாவதாகத் தெரிய வேண்டிய விடை, வகை. நூறு பேரில் பத்து முதல் பதினைந்து பேருக்கு வருவது 'ஸ்மால் செல்' வகை. இது பெரும்பாலும் புகைப்பவர்களிடம் காணப்படும், வேகமாகப் பரவும். இதற்கு அறுவை சிகிச்சை அரிதாகவே பயன்படும். கீமோதெரபியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 'நான்-ஸ்மால் செல்' வகை. அதில் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் என்ற உட்பிரிவுகளும் அறிக்கையில் இருக்கும்.

இரண்டாவது, நிலை, அதாவது நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. பெட் ஸ்கேனும் மூளைக்கான எம்.ஆர்.ஐ.யும் இதற்காகவே. நான்-ஸ்மால் செல் வகையில், ஒன்றாம், இரண்டாம் நிலைகளில் கட்டி இருக்கும் மடலை அறுவை சிகிச்சையால் அகற்றுவார்கள். வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடதில் இரண்டும் இருப்பதால், மூச்சுத்திறன் போதுமான அளவு உள்ளவர் ஒரு மடலை இழந்தும் நன்றாக வாழ முடியும். அறுவை சிகிச்சையை உடல் தாங்காது என்றால், கட்டியை மட்டும் குறிவைத்துச் சில அமர்வுகளில் முடியும் துல்லியக் கதிர்வீச்சு உண்டு. மூன்றாம் நிலையில் முடிவெடுப்பதுதான் கடினம். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துச் சிகிச்சை தரும் மருத்துவர் ஆகிய மூவரும் கூடி முடிவு செய்தார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான்காம் நிலையில் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியிருக்கும். அங்கே மருந்தின் நோக்கம் பெரும்பாலும் நோயைக் கட்டுப்படுத்தி ஆயுளை நீட்டிப்பதே. நோக்கம் எது என்பதை மருத்துவர் வாயால் கேட்டுத் தெளிவது குடும்பத்துக்கு நல்லது.

மூன்றாவது, புற்றுச் செல்லில் உள்ள மரபணு மாற்றம். இந்த விடையைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் அதற்கென அமைந்த மாத்திரை நன்கு வேலை செய்யும் என்று 2004இல் கண்டறியப்பட்டது, ஏ.எல்.கே. என்ற மரபணுவின் மாற்றம் 2007இல் தெரியவந்தது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் மேற்கத்தியரைவிட ஆசியர்களிடம், குறிப்பாகப் புகைக்காதவர்களிடம், அதிகம். இந்த மாற்றங்கள் எதுவும் இல்லாதபோது, புற்றுச் செல்லில் உள்ள பி.டி.-எல்1 என்ற புரதத்தின் அளவைப் பார்த்து, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபியைத் தனியாகவோ கீமோவுடன் சேர்த்தோ தருவார்கள். மரபணுச் சோதனையின் முடிவு வருவதற்குள் இம்யூனோதெரபி தந்துவிட்டு, பிறகு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஆசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், நுரையீரலில் கடும் அழற்சி ஏற்படும் அபாயம் கூடும். எனவே நான்-ஸ்மால் செல் நோயாளிக்கு மூச்சுத்திணறல் போன்ற அவசரம் இல்லையென்றால், முடிவுக்காகக் காத்திருக்கும் இரண்டு மூன்று வாரங்கள் வீணாவதில்லை. சதை போதவில்லை என்றால் இரத்தத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

பெரியப்பாவுக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது. மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் முகமெங்கும் பரு போலக் கிளம்பியது. ஒவ்வாமை என்று பயந்து அவர் மருந்தை நிறுத்தப் பார்த்தார். அது அந்த மருந்தின் வழக்கமான பக்கவிளைவுதான், களிம்பால் அடங்கியது. வயிற்றுப்போக்கு, நகக்கண் வீக்கம் ஆகியவையும் வரலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி, மூச்சிரைப்பு, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்கும் சிகிச்சையைக் கடைசி நாட்களுக்கென்று ஒத்திவைக்கக் கூடாது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்தக் கவனிப்பைப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்ததோடு, சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். மருத்துவர் அளவறிந்து தரும் மார்ஃபின், வலியை மட்டுமல்லாமல் மூச்சிரைப்பையும் தணிக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கீமோ எடுப்பவர் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடலில் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடும் என்பதால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கடைசியாகக் கீமோ ஏற்றிய தேதியை முதலில் சொல்லுங்கள்.