காம்பியாவுக்குப் புதிதாக வருகிறீர்களா? காய்ச்சலைப் பற்றி முதலில் பேசுவோம்

வேலைக்கோ வியாபாரத்துக்கோ மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா வரும் நம்மவர்கள் ஒரு பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருப்பதுதான் அது. இந்த நாட்டில் அந்த ரெண்டு நாள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்குள்ள மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. சென்னையில் அதிகம் வருகிற விவாக்ஸ் போல் குளிரும் நடுக்கமுமாக வந்து போகிற ஒன்றில்லை. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். காலையில் நடமாடிக்கொண்டிருந்தவர் மறுநாள் நினைவிழந்து கிடக்கலாம். அதே காய்ச்சலோடு பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறாரே என்று பார்க்காதீர்கள். சிறுவயது முதல் திரும்பத் திரும்ப வந்ததில் அவர் உடம்பு ஓரளவு பழகியிருக்கும். நமக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே காய்ச்சல் வந்த அன்றே விரலில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். சிறிய கிளினிக்கிலும் இந்த வசதி இருக்கும், அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். மலேரியா இல்லை என்று வந்தும் காய்ச்சல் குறையவில்லையா? மறுநாள் மறுபடியும் பாருங்கள். இருப்பது உறுதியானால் வழக்கமாகத் தருவது ஆர்டிமீதர்–லூமெஃபான்ட்ரின் மாத்திரை, 3 நாளில் 6 வேளை. வெறும் வயிற்றில் போடாமல் பாலோ எண்ணெய் சேர்ந்த சாப்பாடோ எடுத்துக்கொண்டு போட்டால்தான் மருந்து உடம்பில் சரியாகச் சேரும். பெரும்பாலும் இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிடாமல் முழுதும் சாப்பிட்டு முடியுங்கள். பழைய குளோரோகுயினை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஃபால்சிபாரத்துக்கு இங்கே அது கேட்பதில்லை.

மழை ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை இருக்கும். மலேரியா உச்சத்துக்குப் போவது மழையின் கடைசியிலும் அதை அடுத்த சில வாரங்களிலும்தான். கடற்கரைப் பக்கம் இருக்கும் செரெகுண்டா, பகாவ் பகுதிகளைவிடக் கிழக்கே பஸ்ஸே என்ற ஊர்ப் பக்கம் அதிகம். மருந்து தோய்த்த கொசுவலைக்குள் தூங்குங்கள். புழுக்கத்தைச் சாக்குச் சொல்லி அதை மடித்து வைக்காதீர்கள். அந்த வலை குழந்தைகளின் சாவைக் குறைக்கும் என்பதற்கான தொடக்க காலச் சான்றுகளே இந்த நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வில்தான் கிடைத்தன. தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம் மருத்துவமனை. தலைநகர் பஞ்சூலில் இருக்கும் எட்வர்ட் ஃபிரான்சிஸ் ஸ்மால் போதனா மருத்துவமனைதான் நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை. பழைய ஆட்கள் அதை இன்னும் ராயல் விக்டோரியா என்றே சொல்வார்கள். கனிஃபிங்கில் ஒரு பொது மருத்துவமனை உண்டு. உள்நாட்டில் ஃபராஃபென்னி, பான்சாங். அரசு இடங்களில் கட்டணம் குறைவு, ஆனால் எழுதிக் கொடுக்கும் மருந்து உள்ளே இருக்காமல் வெளியே வாங்கச் சொல்வது சகஜம். தனியார் கிளினிக்கில் பணத்தை முதலில் கட்டச் சொல்வார்கள். ராத்திரியில் ஏடிஎம் தேடி அலையாதபடி வீட்டில் கொஞ்சம் டலாசி (இந்த நாட்டுப் பணம்) வைத்திருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் வேண்டுமென்றால் பெரும்பாலும் உறவினரோ நண்பரோதான் கொடுக்க வேண்டும். உங்கள் ரத்த வகையையும் கூட இருப்பவர்களின் ரத்த வகையையும் இப்போதே குறித்து வையுங்கள். பெரிய சிக்கல் என்றால் பக்கத்து நாடான செனகலின் தலைநகர் டக்காருக்குக் கொண்டுபோக நேரலாம். காப்பீடு எடுக்கும்போது அந்தச் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

எங்கே போனாலும் நர்ஸிடம் நேரே விஷயத்துக்குப் போகாமல் சலாம் சொல்லி, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். இந்த ஊர் மரியாதை அது. அவர்கள் குறைந்த வசதியை வைத்துக்கொண்டு மலையளவு வேலை பார்ப்பவர்கள்.

மருந்துக்கடை பற்றிக் கனத்த மனதோடுதான் எழுதுகிறேன். 2022இல் இங்கே ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இந்தியாவில் தயாரான நான்கு சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைகால், எத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனங்கள் கலந்திருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அக்டோபர் 5 அன்று எச்சரித்தது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நாம் நடக்கிற தெருக்களில்தான் இருக்கிறார்கள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நம் நாட்டுக்காக வாதாடாதீர்கள், காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கும் இருமல் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கிழக்கே போகும்போது தேங்கிய தண்ணீரில் இறங்கிக் குளிக்க ஆசை வரும். நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம், தோல் வழியாகவே உள்ளே போகும். தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதற்கேற்ப டிக்கெட் போடுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். அது இல்லாமல் இங்கிருந்து இந்தியாவில் போய் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும் வரை காத்திருக்காமல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.