118 தனிமத்தையும் மக்கப் அடிக்காமல் இடம் கண்டுபிடிப்பது எப்படி?

தனிம வரிசை அட்டவணையை முழுசாக ஒப்பிக்க வைக்கிற டியூஷன்களை விட்டுத்தள்ளுங்கள். ஏழு எண்கள் போதும்: 2, 10, 18, 36, 54, 86, 118. எதோடும் எளிதில் சேராத மந்த வாயுக்களின் அணு எண்கள், அதாவது அணுவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை, இவை, ஒவ்வொரு தொடரும், அதாவது குறுக்கு வரிசையும், முடிகிற இடம்.

எந்தத் தனிமமானாலும், அதன் அணு எண்ணிலிருந்து அதற்கு முந்தைய மந்த வாயுவின் எண்ணைக் கழியுங்கள். மீதிதான் தொகுதி, அதாவது செங்குத்து வரிசை. தி.நகரில் வாங்கிய 916 வளையலையே எடுத்துக்கொள்வோமே, அதில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். செம்பு 29, அதில் 18 போனால் 11. மூன்றாம் தொடர் 18-இல் முடிந்துவிட்டதால் செம்பு நான்காம் தொடர். வெள்ளி 47, 36 போனால் மறுபடியும் 11. தங்கம் 79, 54 போனால் 25 வருகிறது, ஆனால் தொகுதிகள் மொத்தமே 18தான். பதற வேண்டாம், 72-இலிருந்து 86 வரைக்கும் 104-இலிருந்து 118 வரைக்கும் இன்னொரு 14 கழிக்க வேண்டும், அப்போது தங்கமும் 11. மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்று.

57–71, 89–103 என்றால் கணக்கே வேண்டாம், நேராக அட்டவணைக்கு அடியில் தனியாக இருக்கும் இரண்டு வரிசைகளுக்குப் போய்விடுங்கள். இரண்டாம், மூன்றாம் தொடர்களில் மட்டும் நடுவே பத்து கட்டம் காலி, அதனால் மீதி 2-ஐத் தாண்டினால் 10 கூட்டுங்கள்: குளோரின் 17, 10 போனால் 7, கூட்டினால் தொகுதி 17. ஹீலியம் இந்தக் கணக்குக்கு அடங்காது. இருப்பது இரண்டே எலக்ட்ரான், ஆனாலும் எதோடும் சேராத குணத்தால் நியானுக்கு மேலே 18-இல் உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஏன் அணு எண்? 1869-இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அணு நிறையை வைத்துத்தான் அடுக்கினார். அப்படியே போனால் பொட்டாசியம் (39.10) ஆர்கானுக்கு (39.95) முன்னால் வந்துவிடும், தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கிற உலோகம் மந்த வாயுக்கள் கூட்டத்திலும், குண்டு பல்புக்குள் சும்மா கிடக்கிற வாயு சோடியத்துக்குக் கீழேயும் போய் நிற்கும். 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்து அணு எண்தான் அடிப்படை என்று காட்டிய பிறகு இந்தக் குழப்பம் தீர்ந்தது.

அப்புறம், மூர் மார்க்கெட் பக்கம் பழைய சார்ட் வாங்கினால் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஒகனெசன் என்று இல்லாமல் அன்அன்ஆக்டியம் என்ற பழைய தற்காலிகப் பெயர் இருந்தால் அது 2016-க்கு முந்தையது. அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.